மாவு மில் பலகையில் தமிழ்: எட்டு வரிசை எல்இடி கட்டத்தில் செய்த ஒரு வேலை

மாவு மில்லுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “இப்ப என்ன ஓடுது?” மிளகாய் அரைத்த மெஷினில் அடுத்தபடியாக அரிசியைப் போட்டால் மாவில் காரம் ஏறிவிடும். அதனால் சின்ன மில்களில் நேரம் பிரித்துத்தான் அரைப்பார்கள். அரிசியும் கேழ்வரகும் கோதுமையும் ஒரு பொழுது, மல்லி, மிளகாய், மஞ்சள் இன்னொரு பொழுது, சீயக்காய் கடைசியில். மெஷின் சத்தத்தில் கேட்டவருக்குப் பதில் காதில் விழாது. திரும்பவும் கேட்பார்கள். மில் நடத்தும் அக்கா வேலைக்கு நடுவே நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அவர் கேட்டது எளிமையான ஒரு பலகை. இப்போது என்ன அரைபடுகிறது என்று தமிழில் காட்ட வேண்டும். மாவு படிந்த கையால் ஒரு பொத்தானை அழுத்தினால் பெயர் மாற வேண்டும். எப்போதாவது “நாளை கரண்ட் இல்லை” போன்ற அறிவிப்பும் போட வேண்டும். விலை குறைவாக இருக்க வேண்டும்.

இந்த வேலையில் விளக்குகளை எரிய வைப்பது சிறு பகுதி. எட்டே வரிசைக்குள் தமிழ் எழுத்தைப் படிக்கும்படி நிறுத்துவதும், மோட்டார் ஓடும் இடத்தில் பலகையைத் தடுமாறாமல் வைத்திருப்பதும்தான் பெரும்பகுதி. இரண்டைப் பற்றியும் விவரமாகத் தமிழில் படிக்கக் கிடைப்பது குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டமும் சில்லும்

எடுத்துக்கொண்டது நிரல் ஏற்றி ஓட்டும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையான அர்டுயினோ ஊனோவும், எட்டுக்கு எட்டு சிவப்பு எல்இடி கட்டங்கள் நான்கு சேர்ந்து வரும் தொகுதிகள் இரண்டும். ஒரு கட்டம் 32 மில்லி மீட்டர் சதுரம். எட்டுக் கட்டமும் வரிசையாக நின்றால் சுமார் 26 சென்டி மீட்டர் நீளம். மொத்தம் 64 நெடுவரிசை, 8 கிடைவரிசை, 512 புள்ளி.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால், அதன் விளக்குகளை ஏற்றி அணைக்கும் மேக்ஸ் 7219 என்ற சில் (சிப்) ஒன்று இருக்கிறது. 64 விளக்குக்கு 64 கம்பி இழுக்க முடியாது என்பதால், கட்டத்துக்குள் வரிசைக்கு எட்டு, நெடுவரிசைக்கு எட்டு என்று 16 கால்கள்தான் இருக்கும். சில் ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டும் ஏற்றி, அடுத்ததற்குத் தாவி, எட்டு வரிசையையும் வினாடிக்குச் சுமார் 800 முறை சுற்றி வருகிறது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாக எரிவது போலத் தெரியும். இந்தச் சுற்றுவேலையைச் சில்லே பார்த்துக்கொள்வதால் ஊனோவுக்குச் சுமை இல்லை. படம் மாறும்போது மட்டும் புதிய தகவலை அனுப்பினால் போதும்.

அனுப்பும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், பின்னால் வரும் கோளாறு இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு கட்டளைக்கு 16 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற 16 இலக்கம். மேல் நான்கு பிட் வீண். அடுத்த நான்கு பிட் முகவரி, கடைசி எட்டுப் பிட் தகவல். முகவரி 1 முதல் 8 வரை இருந்தால் அது வரிசை. 9 எண்காட்டி முறை (தகவலை எண்ணின் வடிவமாக மாற்றிக் காட்டுவது), 10 வெளிச்சம், 11 எத்தனை வரிசை சுற்ற வேண்டும் என்பது, 12 உறக்கம், 15 சோதனை முறை. டேட்டா, கிளாக், லோட் என்று மூன்று கம்பிகள். கிளாக் ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒரு பிட் உள்ளே நகர்கிறது. நிறைந்து வழியும் பிட்கள் அடுத்த சில்லுக்குப் போகின்றன. லோட் ஏறும் நொடியில் அவரவரிடம் இருக்கும் 16 பிட்டை அவரவர் கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். எட்டுச் சில்லுக்கும் எட்டு வரிசையும் அனுப்ப 1024 பிட். ஊனோ எட்டு மெகாஹெர்ட்ஸில் தள்ளினால், நிரலின் மற்ற வேலைகளையும் சேர்த்து ஒரு மில்லி வினாடிக்குள் முடிந்துவிடுகிறது.

ஊனோவை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மேக்ஸ் 7219 ஐந்து வோல்ட் சில். ஒரு சமிக்ஞையை ‘ஒன்று’ என்று அது ஏற்க 3.5 வோல்ட்டாவது வேண்டும் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது. வைஃபை உள்ள பலகைகள் பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் பேசுகிறவை. அவற்றை நேராக இணைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர், ஓடவும் செய்யும். ஆனால் மோட்டாருக்குப் பக்கத்தில் அந்தத் துணிச்சல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். 3.3 வோல்ட் பலகைதான் வேண்டும் என்றால் நடுவில், சமிக்ஞையை ஐந்து வோல்ட்டுக்கு உயர்த்தும் 74எச்சிடி125 போன்ற ஒரு மட்டமாற்றி வைக்க வேண்டும்.

நிரலுக்கு அடித்தளமாக எம்டி மேக்ஸ்72எக்ஸ்எக்ஸ் என்ற நூலகம், அதாவது இந்தச் சில்லுக்காக ஏற்கெனவே எழுதி வைத்த நிரல் தொகுப்பு. அதில் தொகுதியின் வகையைச் சரியாகச் சொல்ல வேண்டும். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது எஃப்சி-16 வகை. வகை மாறினால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நிற்கும், அல்லது பக்கவாட்டில் படுத்துவிடும். கம்பியைக் குற்றம் சொல்வதற்கு முன் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவது நல்லது.

எட்டு வரிசையில் எழுத்து

ஆங்கில எழுத்துக்கு ஐந்து நெடுவரிசையும் ஏழு கிடைவரிசையும் போதும். நூலகத்திலேயே அந்த எழுத்துரு இருக்கிறது. தமிழுக்கு அப்படி இல்லை. மேலே புள்ளி, இ-கரத்தின் வளைவு. கீழே கு, பு, து, மு என்று இறங்கும் கால். நடுவில் எழுத்தின் உடல். மூன்றுக்கும் சேர்த்து எட்டு வரிசைதான்.

நான் பிரித்த விதம் இது: முதல் வரிசை புள்ளிக்கு. இரண்டாவது இடைவெளி. மூன்று முதல் ஏழு வரை உடல். எட்டாவது கீழே இறங்கும் காலுக்கு. இடைவெளியைத் தின்று உடலுக்கு ஆறு வரிசை கொடுத்தால் எழுத்து பெரிதாகும் என்று தோன்றும். ஆனால் புள்ளி உடலோடு ஒட்டிக்கொண்டுவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ‘ம்’ எது ‘ம’ எது என்று பிரியாது. தமிழில் புள்ளி போனால் சொல்லே போய்விடும். அதனால் இடைவெளியை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

எழுத்துருவை நெடுவரிசை வாரியாக எண்களாகச் சேமிக்கிறோம். மேலிருந்து கீழாக வரிசைகளின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32, 64, 128. உடலின் ஐந்து வரிசையும் எரிந்தால் 4, 8, 16, 32, 64 சேர்ந்து 124. ப என்ற எழுத்துக்கு இரண்டு பக்கமும் நேர்கோடு, அடியில் ஒரு கோடு. ஆகவே 124, 64, 64, 64, 124. நடு நெடுவரிசையில் ஒன்றைக் கூட்டுங்கள்: 124, 64, 65, 64, 124. அது ப். கடைசி நெடுவரிசையில் 128-ஐக் கூட்டினால் 124, 64, 64, 64, 252. அது பு.

இதைக் கண்டதும் பாதிப் பாரம் இறங்கியது. மெய்யெழுத்து பதினெட்டையும் தனியாக வரைந்து வைக்க வேண்டியதே இல்லை. உயிர்மெய்யின் படம் இருந்தால், நடு நெடுவரிசையில் 1-ஐச் சேர்த்துவிட்டால் மெய் வந்துவிடுகிறது. இ-கரத்தின் வளைவும் அப்படியே. 2, 1, 126 என்று மூன்று நெடுவரிசை. முன்னால் உள்ள எழுத்தோடு இடைவெளி விடாமல் ஒட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மேலே ஏறி, வளைந்து, வலப்புறம் இறங்கும். ப-வோடு சேர்ந்தால் பி, ம-வோடு சேர்ந்தால் மி. ஈ-காரத்துக்கு உச்சியில் இன்னொரு சுழி வேண்டும் என்பதால் அகலம் கூடுகிறது. டி, டீ இரண்டும் இந்தக் கணக்குக்குள் வராது, தனியாக வரைய வேண்டும்.

உ-கரமும் ஊ-காரமும்தான் வேலை வாங்கின. ஙு, சு, பு, யு, வு ஐந்தும் கால் நேராக இறங்கும் கூட்டம், அவற்றுக்கு 128 கூட்டினால் தீர்ந்தது. கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் சுற்றி வளைந்து வரும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் வலப்பக்கம் கீழே மடங்கும். ஒரே ஒரு வரிசையில் இந்த மூன்று குணத்தையும் காட்ட வேண்டும். விதியாக எழுத முயல்வதைவிட 36 எழுத்தையும் ஒவ்வொன்றாகக் கட்டம் போட்ட தாளில் வரைந்துவிடுவதே குறைந்த வேலை. வரைந்ததை உடனே பலகையில் ஏற்றி, அறையின் மறுமுனையில் நின்று பார்க்க வேண்டும். தாளில் அழகாக இருப்பது பலகையில் கசங்கிப்போகும். தாளில் கோணலாகத் தெரிவது, புள்ளியாக எரியும்போது சரியாக நிற்கும்.

ர-வும் துணைக்காலும் இன்னொரு சிக்கல். துணைக்காலுக்கு 124, 4, 4, 124. ர-வுக்கும் அதே உடல்தான். வித்தியாசம் கீழே இடப்பக்கம் சாயும் வால் மட்டும்: 124, 132, 132, 124. எட்டாவது வரிசையின் இரண்டு புள்ளிகள்தான் ‘மரம்’ என்பதையும் ‘மாம்’ என்பதையும் பிரிக்கின்றன. ஓலைச்சுவடிகளில் இந்த இரண்டும் ஒரே வடிவில் எழுதப்பட்டன, புள்ளியும் பெரும்பாலும் வைக்கப்படவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் இடம் பார்த்துப் படித்தார்கள். மில் வாசலில் நிற்பவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அதனால் பெட்டி செய்யும்போது எட்டாவது வரிசை சட்டத்துக்குள் மறைந்துவிடாமல் அடியில் தாராளமாக இடம் விடச் சொன்னேன்.

ண-வும் ன-வும் அகலத்தால்தான் பிரியும். ஒரு சுழி சுழியாகத் தெரிய நடுவில் ஓட்டை வேண்டும், அதற்கு மூன்று நெடுவரிசையாவது தேவை. ஒரு சுழி கூடுதலாக உள்ள ண-வை ன-வின் அகலத்துக்குள் அமுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற எண்ணத்தைத் தமிழில் கைவிட்டே ஆக வேண்டும். ட-வுக்கு ஐந்து போதும், ண-வுக்குப் பதினொன்று.

கணக்குப் பார்த்தால் உயிர் 12, ஆய்தம் 1, உயிர்மெய் அகர வரிசை 18, துணைக்கால் கொம்பு முதலிய குறிகள் 6, உ-ஊ வரிசை 36, டி டீ 2, ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ 6. மொத்தம் 81 வடிவம். 247 எழுத்தும் இதற்குள் அடக்கம், கிரந்தம் உபரி. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ பைட்டை ஒட்டித்தான் வரும். ஊனோவில் நிரல் தங்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் 32 கிலோ பைட் இருக்கிறது. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றிருக்காவிட்டால் றா, ணா, னா வரிசைக்கும் லை, ளை, ணை, னை நான்குக்கும் பழைய வடிவங்களைத் தனித்தனியாக வரைந்திருக்க வேண்டும். பழைய வளைவுகள் ஐந்து வரிசைக்குள் நிச்சயம் நின்றிருக்காது.

வரிசை மாறி வரும் கொம்பு

பொத்தானில் இருக்கும் பெயர்கள் மட்டும் என்றால் எழுத்துருவே வேண்டாம். ஒவ்வொரு பெயரையும் ஒரு படமாக வைத்தால் ஒன்றுக்கு 64 பைட்தான் ஆகும். அப்படிச் செய்து முடித்துவிடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே அக்கா தன் கைபேசியில் எதையாவது தமிழில் அடித்து அனுப்ப வேண்டும். அதற்கு எச்சி-05 புளூடூத் தொகுதி ஒன்றைச் சேர்த்தோம். கைபேசியிலிருந்து வருவது ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு, அந்த எண்ணைப் பைட்களாகப் பிரித்து அனுப்பும் யூடிஎஃப்-8 வடிவில்.

அதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். க என்பது 224, 174, 149. எழுத்தை ஓட்ட எல்லோரும் எடுக்கும் எம்டி பரோலா நூலகம் ஒரு பைட்டை ஓர் எழுத்தாகப் படிக்கும். நேராகக் கொடுத்தால் ஒரு க-வுக்கு மூன்று சம்பந்தமில்லாத குறிகள் ஓடும். அதனால் பரோலாவை விட்டுவிட்டு, கீழ்மட்ட நூலகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, செய்தி முழுவதையும் நாமே நெடுவரிசைகளாகக் கோத்து அனுப்புகிறோம்.

கோப்பது கடினம் அல்ல. தமிழுக்கு யூனிகோடு ஒதுக்கியது 128 இடம் கொண்ட ஒரே தொகுதி. ஆகவே 224 வந்தால் தள்ளிவிடலாம். அடுத்தது 174 என்றால் மூன்றாவது பைட்டிலிருந்து 128-ஐக் கழிக்க வேண்டும். 175 என்றால் கழித்து 64-ஐக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான், எழுத்தின் இடம் கிடைத்துவிடும். க-வுக்கு 149-லிருந்து 128 போக 21. புள்ளி 224, 175, 141 என்று வரும், அதன் இடம் 77.

அப்புறம் கொம்பு. ‘கோதுமை’ என்ற சொல் உள்ளே வரும்போது க, ஓ-காரக் குறி, த, உ-கரக் குறி, ம, ஐ-காரக் குறி என்ற வரிசையில் வருகிறது. உச்சரிக்கும் வரிசை அது. கண்ணுக்குத் தெரிய வேண்டிய வரிசை வேறு: இரட்டைக் கொம்பு, க, துணைக்கால், து, இணைக்கொம்பு, ம. கணினியிலும் கைபேசியிலும் இந்த மாற்றத்தை எழுத்துரு இயந்திரம் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. ஊனோவில் அதை நாம்தான் செய்ய வேண்டும். நிரல் ஒரு மெய்வரிசை எழுத்தைக் கண்டால் உடனே வரையாமல் அடுத்த குறியை எட்டிப் பார்க்கிறது. 70, 71, 72 (ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு) என்றால் கொம்பை முதலில் வரைந்துவிட்டு எழுத்தை வரைகிறது. 74, 75 என்றால் முன்னால் கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் துணைக்கால். 76 என்றால் முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் ள வடிவம். 65, 66 என்றால் உ, ஊ பட்டியலுக்குப் போகிறது. 77 என்றால் ஒன்றைக் கூட்டுகிறது.

ஓ-காரத்தைச் சில தட்டச்சு முறைகள் ஒரே குறியாக அனுப்பாமல் இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாக அனுப்பும். திரையில் வித்தியாசம் தெரியாது. நம் நிரலிலும் அது தானாகவே சரியாகிவிடுகிறது. கொம்பு முன்னால் போகும், எழுத்து வரும், பிறகு துணைக்கால் தன் இடத்தில் வரும். க்ஷ-வுக்கு க, புள்ளி, ஷ என்ற மூன்றையும், ஸ்ரீ-க்கு ஸ, புள்ளி, ர, ஈ-காரக் குறி என்ற நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எட்டிப் பார்க்கும் இந்த வேலைக்கு நிரலில் எழுபது எண்பது வரிகூட ஆகவில்லை. ஊனோவின் 2 கிலோ பைட் ராமுக்குள் தாராளமாக அடங்கியது. தமிழ் சிக்கலான எழுத்து, சின்னச் சில்லில் ஏறாது என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. எட்டுப் பிட் சில்லிலேயே ஏறுகிறது என்பதை அடித்துச் சொல்ல விரும்புகிறேன்.

வந்து சேரும் பைட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஊனோவின் தொடர்வழியில் வருவதைத் தாங்கிப் பிடிக்கும் இடம் 64 பைட், அதில் 63 வரைதான் நிற்கும். ஆங்கிலத்தில் அது ஒரு முழு வாக்கியம். தமிழில் இருபத்தொரு குறிதான். “நாளை காலை 9 முதல் 5 வரை கரண்ட் இல்லை” என்பதற்கு 90 பைட் வேண்டும். அந்த நேரத்தில் நிரல் ‘3 வினாடி சும்மா இரு’ என்ற கட்டளையில் நின்றுகொண்டிருந்தால், பலகையில் “நாளை காலை 9 முதல் 5 வரை கர” என்பதோடு நின்றுவிடும். ண-வின் முதல் பைட் ஒன்று அநாதையாகக் கிடக்கும். ஆகவே நிரலில் எங்கேயும் காத்திருக்கும் கட்டளையே வைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, நேரம் வந்தால் படத்தை நகர்த்துவது, மற்ற நேரமெல்லாம் வருவதை எடுத்து வைத்துக்கொள்வது.

ஓட விடாதீங்க

முதலில் எல்லாப் பெயரும் வலமிருந்து இடமாக ஓடின. அதைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: “தம்பி, பேரை ஓட விடாதீங்க. வயசானவங்க படிக்கறதுக்குள்ள அது ஓடிப்போயிருது. நிக்கட்டும்.” அவர் சொன்னது முற்றிலும் சரி. ‘கேழ்வரகு’ என்ற சொல் இடைவெளி சேர்த்து 42 நெடுவரிசை. ‘மிளகாய்’ அதைவிடக் குறைவு. 64-க்குள் அடங்கும் சொல் ஓட வேண்டிய அவசியமே இல்லை. இப்போது 64-க்குள் அடங்கினால் நடுவில் நிற்கும், அடங்காவிட்டால்தான் ஓடும். ஓடும் பலகை என்றாலே கவர்ச்சி என்று நினைக்கிறோம். நின்று பதில் சொல்லும் பலகைதான் இங்கே வேண்டியிருந்தது.

வெளிச்சம் பதினாறு படிகளில் வைக்கலாம். மில்லுக்குள் நிழல்தான் என்பதால் நான்காவது படி போதுமானதாக இருந்தது. பெட்டியின் முன்பக்கம் சிவப்பு அக்ரிலிக் தகடு ஒன்று பொருத்தினோம். எரியாத புள்ளிகள் கண்ணுக்கு மறைந்து எழுத்து மட்டும் எடுப்பாகத் தெரிகிறது, மாவுத் தூசியும் உள்ளே போகாது. கரண்ட் போய் வந்தால் கடைசியாக இருந்த பெயரே திரும்ப வர வேண்டும் என்பதற்காக, மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ரோம் நினைவகத்தில் ஒரு பைட் எழுதி வைக்கிறோம்.

மோட்டார் எடுத்ததும் முழுக்க எரிந்த பலகை

வீட்டு மேசையில் நாள் கணக்கில் ஓடிய பலகை, மில்லில் மாட்டியதும் கோளாறு காட்டியது. மோட்டாரின் ஸ்டார்ட்டரைப் போடும்போதோ நிறுத்தும்போதோ சில சமயம் ஒரு கட்டத்தின் 64 புள்ளியும் முழு வெளிச்சத்தில் எரிந்து அப்படியே நின்றுவிடும். சில சமயம் ஒரு கட்டம் மட்டும் இருண்டுவிடும். எப்போதாவது ஒரு கட்டத்தில் மட்டும் எழுத்து இல்லாமல் தாறுமாறான கோடுகள். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

ஊனோ தானாக மறுபடி தொடங்குகிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊனோவிலேயே உள்ள 13-ஆம் கால் விளக்கு இதற்கு உதவாது, கிளாக் கம்பியும் அதே கால்தான். 8-ஆம் காலில் தனியாக ஒரு எல்இடி வைத்து வினாடிக்கு ஒருமுறை சிமிட்ட விட்டோம். தொடங்கும்போது மட்டும் வேகமாகச் சிமிட்டும்படி நிரல். கோளாறு வந்த நேரங்களில் அந்த விளக்கு நிதானமாகவே சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆகவே ஊனோ விழவில்லை. சில்கள்தான் தடம் மாறுகின்றன.

கோளாறின் முகமே காரணத்தைச் சொன்னது. முழுக்க எரிந்தால் முகவரி 15, சோதனை முறை. இருண்டால் முகவரி 12, உறக்கம். தாறுமாறு கோடு என்றால் முகவரி 9. சில் நாம் அனுப்பும் பிட்டை எண்காட்டியின் எண்ணாக மொழிபெயர்த்துக் காட்டத் தொடங்கிவிடுகிறது. லோட் கம்பியில் மோட்டாரின் மின் இரைச்சல் ஒரு துடிப்பாக ஏறினால், அந்த நொடியில் உள்ளே நகர்ந்துகொண்டிருக்கும் பாதி பிட்களைச் சில் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பிட்களில் முகவரி இருக்கும் இடத்தில் 15 விழுந்தால் கதை முடிந்தது. நூலகம் இந்த முகவரிகளில் உள்ள கட்டுப்பாட்டுப் பதிவேடுகளைத் தொடக்கத்தில் ஒருமுறைதான் எழுதுகிறது. பிறகு வரிசைகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். வழி தவறிய சில்லைத் திருப்பிக் கூப்பிட ஆளே இல்லை.

இதில் மின்சாரமும் கை கோக்கிறது. நான்காவது படி வெளிச்சத்தில் விளக்கு எரியும் நேரம் 32-ல் 7 பங்கு. அந்தக் கணக்கில் 512 புள்ளியும் ஒன்றாக எரிந்தாலும் அறுநூறு மில்லி ஆம்பியர் பக்கம்தான் வரும். சோதனை முறையோ நாம் வைத்த வெளிச்சத்தை மதிப்பதில்லை, 32-ல் 31 பங்கு எரிக்கும். ஒரு சில் 330 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம். எட்டும் அந்த நிலைக்குப் போனால் 2.6 ஆம்பியர். எழுத்துக்கு ஏற்ப வாங்கிய ஒரு ஆம்பியர் அடாப்டர் அதைத் தாங்காது. வோல்ட் இறங்கும், இறங்கினால் மற்றச் சில்களும் தடுமாறும். ஊனோவின் யூஎஸ்பி வழியாகவே மொத்தப் பலகைக்கும் மின்சாரம் கொடுப்பது இதைவிட மோசம். அந்த வழியில் 500 மில்லி ஆம்பியருக்கு ஒரு காப்பு ஃபியூஸ் இருக்கிறது.

செய்த திருத்தங்களில் எது எவ்வளவு உதவியது என்பதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொன்றாகத்தான் செய்தோம். ஊனோவைப் பலகையின் முதல் கட்டத்துக்குப் பின்னாலேயே ஒட்டி, நீளமாகத் தொங்கிய மூன்று கம்பியையும் விரல் நீளத்துக்குக் குறைத்ததில்தான் பெரிய மாற்றம் தெரிந்தது. பொத்தான் கம்பிகள் நீளமாக இருந்தால் பரவாயில்லை, அவற்றை நிரல் நிதானமாகப் படிக்கிறது. அடுத்தது மின்தேக்கிகள். ஒவ்வொரு சில்லின் மின்சாரக் காலுக்கு அருகிலும் 10 மைக்ரோ ஃபாரட் ஒன்றும் 0.1 மைக்ரோ ஃபாரட் ஒன்றும் வேண்டும் என்று தரவுத்தாளே கேட்கிறது. மலிவுத் தொகுதிகளில் அது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட வேண்டும். மின்சாரம் நுழையும் இடத்தில் 1000 மைக்ரோ ஃபாரட் ஒன்று கூடுதலாக வைத்தோம். அடாப்டர் 5 வோல்ட் 3 ஆம்பியருக்கு மாறியது. கட்டங்களுக்கு அதிலிருந்து நேராகத் தடித்த கம்பி, ஊனோவுக்குத் தனிக் கிளை, தரைக் கம்பி எல்லாவற்றுக்கும் பொது.

இத்தனைக்குப் பிறகும் அபூர்வமாக ஒரு கட்டம் இருண்டது. அதற்கு நிரலில்தான் மருந்து. வினாடிக்கு ஒருமுறை 9, 10, 11, 12, 15 ஐந்து பதிவேட்டையும் எல்லாச் சில்லுக்கும் திரும்ப எழுதி, எட்டு வரிசையையும் புதிதாக அனுப்புகிறோம். இரைச்சல் இன்னும் எப்போதாவது உள்ளே புகலாம். ஆனால் அதன் ஆயுள் அதிகபட்சம் ஒரு வினாடி. மோட்டாரோ வெல்டிங்கோ பக்கத்தில் இருக்கும் எந்த இடத்திலும் மேக்ஸ் 7219 வைக்கிறவர்கள் இந்தச் சில வரிகளை ஆரம்பத்திலேயே சேர்த்துவிட வேண்டும். வன்பொருளைச் சரி செய்வதற்குப் பதிலாக இதைச் செய்யக் கூடாது, அதைச் செய்த பிறகு இதையும் செய்ய வேண்டும்.

எங்கே இது போதாது

கவுண்டருக்கு முன்னால் நிற்பவருக்கு இந்தப் பலகை தெளிவாகத் தெரிகிறது. எழுத்தின் உடல் 20 மில்லி மீட்டர் உயரம்தான் என்பதால் தெருவிலிருந்து படிக்க முடியாது. வெயிலிலும் நிற்காது. மஞ்சள் என்பதில் உள்ள ஞ்-ஐ ஐந்து வரிசையில் திருப்தியாக வரைய இன்னும் முடியவில்லை. சொல்லாகச் சேர்த்துப் பார்க்கும்போது படிக்க வருகிறது, தனியாகக் காட்டினால் தயங்குவார்கள். ஔ-வைப் பொறுத்தவரை ஒ, ள இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாயிற்று, மில் பலகையில் அதற்கு வேலை வரவே இல்லை.

வாசலுக்கு ஒரு பலகை வேண்டும் என்று அக்கா இப்போது கேட்கிறார். அதற்குக் கடைப்பலகைகளில் பார்க்கும் பி10 தகடுதான் சரி. 32-க்கு 16 புள்ளி, புள்ளிக்குப் புள்ளி 10 மில்லி மீட்டர், தகடு 32 சென்டி மீட்டர் நீளம். பதினாறு வரிசை கிடைத்தால் புள்ளிக்கு இரண்டு, உடலுக்குப் பத்து, காலுக்கு மூன்று என்று பிரித்தும் நடுவில் காற்று விடலாம். ஞ-வும் ண-வும் தங்கள் சொந்த வடிவில் வரும். ஆனால் பி10 தகட்டில் நினைவகம் கிடையாது. வரிசைகளை நான்கு பங்காகப் பிரித்து மாற்றி மாற்றி ஏற்றும் வேலையை ஊனோவே இடைவிடாமல் செய்ய வேண்டும், ஒரு நொடி நின்றால் படம் உறைந்து ஒரு பங்கு வரிசை மட்டும் எரியும். கொம்பை முன்னால் கொண்டுவரும் நிரல் அப்படியே பயன்படும். எழுத்து 81-ஐயும் மறுபடி வரைய வேண்டும். கட்டத்தாளில் க-விலிருந்து தொடங்கியிருக்கிறேன், உ-கர வரிசையில் கு, டு, மு வரை முடிந்திருக்கிறது.